மாப்பிள்ளைக் கடிகாரம்

காது குத்தாத பெண்பிள்ளை கண்ணில் பட்டால் ஊருக்குக் கை சும்மா இருப்பதில்லை. நவமணியின் மகள் பாப்பாவுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. ஈப்போ ரயில்வே கோட்டர்ஸில் துணி காயப்போடும் கொடியடி ஆனாலும் சரி, பாசாரில் மீன் வாங்க நிற்கும் கூட்டம் ஆனாலும் சரி, யாராவது ஒருத்தி குனிந்து பிள்ளையின் காது மடலை இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பாள். பிறகு நிமிர்ந்து நவமணியைப் பார்ப்பாள். தாய்மாமன் இல்லாத பிள்ளையா இது என்ற கேள்வி வாயில் வராது, பார்வையில் வரும்.

தாய்மாமன் இருந்தான். தூண் மாதிரி இருந்தான். சீனி என்று பெயர். நவமணிக்கு நேர் மூத்தவன். சிம்பாங் பூலாய்ப் பக்கம் சுண்ணாம்பு மலையை உடைத்துக் கல் ஏற்றும் லாரியில் டிரைவர். தலைமுடி, புருவம், சட்டைப் பை எல்லாம் எப்போதும் வெள்ளைத் தூளாக இருக்கும். அவன் மடியில் உட்காரவைத்துத்தான் பாப்பாவுக்குக் காது குத்தவேண்டும். அது முறை. அந்த மடி கிடைக்காமல்தான் பிள்ளையின் காது வெறுங்காதாகக் கிடந்தது.

எல்லாம் ஒரு கடிகாரத்தால் வந்த வினை.

கல்யாணத்தில் தாலி ஏறிய கையோடு பெண்ணின் அண்ணன் எழுந்து வந்து மாப்பிள்ளையின் மணிக்கட்டில் கடிகாரம் கட்டுவது அந்தத் தோட்டங்களில் வழக்கம். மற்ற வீடுகளில் கடையில் வாங்கிய புதுசாக இருக்கும். சீனி கட்டியது பழையது. அவனுடைய அப்பா ராமையா, ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டவர். ஒருமுறை கூண்டில் நெருப்புப் பிடித்தபோது ஈரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே புகுந்து, தொங்கிய ரப்பர் ஷீட்டுகளை இழுத்து வெளியே எறிந்து ஸ்டோரைக் காப்பாற்றினார். வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது, தன் கையிலிருந்த சுவிஸ் கடிகாரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். தோட்டத்துக்கே அந்தக் கடிகாரம் தெரியும். ராமையா ஆவணியில் கண்ணை மூடினார். தையில் நவமணிக்குக் கல்யாணம். அப்பா இருந்திருந்தால் தன் கையாலேயே கொடுத்திருப்பார் என்று சொல்லிக்கொண்டே சீனி அதை மாப்பிள்ளை பிச்சைமுத்துவுக்குக் கட்டியபோது, பந்தலில் கண் கலங்காதவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பிச்சைமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்குக் கம்பிச்சடக்கில் வேலை. தண்டவாளத்துக்கு அடியில் கட்டை மாற்றுவது, சல்லி கொத்துவது. வெயிலில் கொத்துவதற்கு நடுவே நிமிர்ந்து, கையைத் திருப்பி மணி பார்ப்பான். யாரும் கேட்காமலே மணி சொல்வான். வியர்வையில் தோல்வார் மூன்றே மாதத்தில் இற்றுப்போனது. கூட்டாளிகளோடு டவுனுக்குப் போய் ஒரு கடையில் புது வார் போடக் கொடுத்தான். கடைக்காரர் கண்ணாடிக் குழலைக் கண்ணில் வைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, டயல் அசல் இல்லை, யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. தொழில்காரர், கண்டதைச் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்ற கூட்டாளிகள் சும்மா இருப்பார்களா. மாமனார் வீட்டுச் சீர் சாயம் வெளுத்துவிட்டது என்று ஒருவன் தொடங்க, வாரம் முழுக்க அதே பாட்டாகப் போயிற்று.

கடைக்குப் போன அன்று மாலையே பிச்சைமுத்து மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போய், நாலு பேர் நடுவில், அசல் டயலை எங்கே விற்றாய் என்று சீனியைக் கேட்டுவிட்டான். அப்பா எப்படி வைத்துவிட்டுப் போனாரோ அப்படியே தந்தேன் என்றான் சீனி. பிச்சைமுத்து நம்பவில்லை. என் வார்த்தையை நம்பாதவன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சீனி சொல்ல, திருடன் என் வாசலுக்கு வரவேண்டாம் என்று இவன் சொல்ல, அத்தோடு முடிந்தது. கடிகாரம் ஒரு பழைய துண்டில் சுற்றப்பட்டு அலமாரிக்குள் போயிற்று. அப்போது நவமணிக்கு மசக்கை. பாப்பாவைச் சீனி தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி.

நவமணிக்கு உள்ளே ஒரு முள் உண்டு. கல்யாணத்துக்கு முந்தைய அந்த மாதங்களில் அண்ணன் வேலையில்லாமல் அலைந்தான் என்பது அவளுக்குத் தெரியும். கடிகாரம் அவன் பெட்டியில் இருந்தது என்பதும் தெரியும். அண்ணன் அப்படிச் செய்யமாட்டான் என்று ஆயிரம் தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆயிரம் தடவை சொல்லவேண்டியிருந்ததுதான் அவள் வருத்தம்.

அந்த வருஷம் தைப்பூசத்தன்று கல்லுமலை முருகன் சந்நிதியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றபோது, இந்த மாதம் போவதற்குள் உன் வாசலில் பிள்ளைக்குக் காது குத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். சாமியிடம் சொன்ன வார்த்தையைப் பிச்சைமுத்து தட்டமாட்டான். ஆனால் அவனுக்கும் ஒரு வார்த்தை இருந்தது.

"தொரைசிங்கம் ஐயாகிட்ட காட்டுவோம். அவரு டயல் அசல்னு சொல்லிட்டா நானே வெத்தல பாக்கோட போயி ஒங்கண்ணன கூப்புடுறேன். அசல் இல்லேன்னா ஒஞ் சித்தப்பன் மடியில வச்சுக் குத்து. அதுக்கு மேல என்னைய ஒண்ணும் கேக்காத லா."

துரைசிங்கம் ரயில்வே ஆபீசில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர். பழைய கடிகாரம் என்றால் அவருக்கு உயிர். எல்லாரும் பேட்டரிக் கடிகாரத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், சாவி கொடுக்கும் கடிகாரங்களைத் தேடித் தைப்பிங், லூமுட் என்று பஸ் ஏறிப் போவார். யாருக்காகவும் வார்த்தையைத் திருப்பாதவர் என்று கம்பிச்சடக்கில் பெயர். அதனால்தான் பிச்சைமுத்து அவரைச் சொன்னான். அதனால்தான் நவமணிக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்த பிச்சைமுத்து சோற்றில் கைவைத்தான்; இறங்கவில்லை. கத்திரிக்காயும் நெத்திலியும் போட்ட குழம்பு அப்படியே இருந்தது. நவமணி சோற்றில் கைகூட வைக்கவில்லை. பாப்பா மட்டும் இரண்டு பேர் பங்கு அப்பளத்தையும் தின்றுவிட்டு, காது குத்தத்தான் போகிறோமா என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டு வந்தாள். மலைகளின் தலையில் மேகம் இறங்கியிருந்தது. மழைக்கு முன் ஓடிவிடவேண்டும் என்று பிச்சைமுத்து மோட்டாரை விரட்டினான். துண்டு மூட்டையை நவமணி மடியில் பிடித்திருந்தாள். ஓடாத கடிகாரம்தான்; ஆனாலும் அவளுடைய கைக்குள் எதுவோ துடித்துக்கொண்டிருந்தது.

துரைசிங்கம் அவர்களைவிடப் பரபரப்பாக இருந்தார். முன்கூடத்து ஜன்னலோர மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெல்லிய இடுக்கிகளையும் திருப்புளிகளையும் வரிசையாக வைத்து, விளக்கைக்கூட ஏற்றி வைத்திருந்தார். அவர் மனைவி அம்பிகை தேநீரும் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பாப்பாவை ஒரு நாற்காலியில் ஏற்றி நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"முதலிலை ஒண்டு சொல்லிப்போடுறன்," என்றார் துரைசிங்கம். "நான் காணுறதைத்தான் சொல்லுவன். ஒருத்தருக்காகவும் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். பிறகு இஞ்சை நிண்டு சண்டை பிடிக்கப்படாது."

"சண்ட எதுக்குங்க ஐயா. நீங்க சொல்றதுதான் தீர்ப்பு," என்றான் பிச்சைமுத்து.

துண்டைப் பிரித்ததும் துரைசிங்கம் கொஞ்ச நேரம் தொடாமலே பார்த்தார். வெற்றிலைக் கொடி மாதிரி மெலிந்த முட்கள். பாலேடு நிறத்தில் டயல். ஆறு இருக்கவேண்டிய இடத்தில் நொடி முள்ளுக்கென்று தனியாக ஒரு சின்ன வட்டம். கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு கீறல் விரிசல். நல்ல சாமான் என்று சொல்லிக்கொண்டே பின்மூடியைத் திறந்தார். உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெய் வற்றி உறங்கின. முட்களைக் கழற்றினார். பக்கவாட்டில் இருந்த இரண்டு நுண்ணிய திருகுகளைத் தளர்த்தி, டயலை இயந்திரத்திலிருந்து பிரித்து, குப்புறத் திருப்பினார்.

டயலின் முதுகில் இரண்டு சின்னக் கம்பிகள் கால்போல நின்றன. அவற்றைத்தான் அவர் முதலில் சோதித்தார். வேறொரு கடிகாரத்தின் டயலைக் கொண்டுவந்து மாட்டினால் அந்தக் கால்கள் துளையில் உட்காராதாம்; வெட்டிவிட்டு ஒட்டவேண்டியிருக்குமாம். இவை ஒட்டிய கால்கள் அல்ல. துளையில் வழுக்காமல், இறுகாமல் உட்கார்ந்தன.

"இந்தத் தகடு இந்தக் கடிகாரத்தோடையே பிறந்த தகடு," என்றார்.

நவமணிக்கு மூச்சு வந்தது. பிச்சைமுத்து நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். "அப்ப அசல்தானுங்களா ஐயா?"

"பொறும். முதுகைத்தானே பார்த்தம். இனித்தான் முகம்."

டயலை நிமிர்த்தி விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். கண்ணாடிக் குழலைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. பிறகு குழலைப் பிச்சைமுத்துவிடம் கொடுத்து, பெயர் எழுதிய இடத்தைப் பார்க்கச் சொன்னார். ஆலையில் அச்சடித்த எழுத்து நூல் மாதிரி மெலிந்து, ஓரம் கூர்மையாக நிற்கும். இது தடித்துப் போயிருக்கிறது. வளைவுகளில் மை தேங்கியிருக்கிறது. நொடி வட்டத்தின் நடுவும் துளையின் நடுவும் ஒன்றாக இல்லை; ஒரு மயிரிழை விலகியிருக்கிறது. விளிம்பில் மூன்று மணிப் பக்கம் ஒரு சின்ன வெட்டு. பழைய பூச்சின் மேல் மறுபடி அச்சடிக்கிறவர்கள் நேர் பிடிப்பதற்காக அரத்தால் போடும் வெட்டு அது. ஒவ்வொன்றாக அவர் சொல்ல, பிச்சைமுத்து குழல் வழியே பார்த்துத் தலையை ஆட்டினான். நவமணியும் பார்த்தாள். அவளுக்கு வட்டம் விலகியது தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

துரைசிங்கம் குழலை மேசையில் வைத்தார். "தகடு அசல். முகம் அசலில்லை. பூசினது. அந்தக் கடைக்காரன் பிழை சொல்லேல்லை."

ஜெயித்தவன் முகம் மலரவேண்டும். பிச்சைமுத்துவின் முகம் மலரவில்லை. இத்தனை வருஷம் நான் சொன்னது சரிதான் என்று சொல்ல வாயெடுத்தவன், நாற்காலியில் நின்ற பாப்பாவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். எழுந்து சட்டையைச் சரிசெய்தான். போலாம் என்று மட்டும் சொன்னான்.

நவமணி எழவில்லை. அவள் இன்னும் குழலைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. டயலின் விளிம்பை, கடிகார வளையத்துக்கு அடியில் மறைந்துகிடக்கும் அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பூச்சின் மேல் செம்பழுப்பாக ஒரு கறை, கடல் அலை மணலில் விட்டுப்போன கோடுகள் மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாகப் படிந்திருந்தது.

"ஐயா, இந்தச் செகப்பு என்னாங்க?"

துருவாக இருக்கலாம் என்றார் துரைசிங்கம். விரிசல் வழியே ஈரம் இறங்கியிருக்கும்.

"துரு இல்லீங்க ஐயா. குங்குமம்."

பிச்சைமுத்து, நீ சும்மா வா புள்ள, துருவைப் பார்த்துக் குங்குமம் என்கிறாய் என்று சலித்துக்கொண்டான். நவமணி நகரவில்லை. அவள் சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்ல வேகம் கூடியது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அம்மா செல்லாயி பால் வெட்டும் உளி, வாளி, சைக்கிள், அப்பாவின் கடிகாரம் எல்லாவற்றையும் சாமிக்கு முன்னால் அடுக்குவாள். எல்லாவற்றுக்கும் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைப்பாள். அம்மாவுக்குக் கை தாராளம். கடிகாரத்தின் கண்ணாடி மேல் ஈரச் சந்தனத்தை அப்பி, அதன் நடுவில் பெரிய பொட்டாக வைப்பாள். அப்பா அதைத் துடைக்கவே மாட்டார். தானாக உதிரும்வரை பொட்டு வைத்த கடிகாரத்தோடேயே ஸ்டோருக்குப் போவார். கங்காணி கேலி செய்தால், நேரமும் சாமிதானே என்பார். விரிசல் அப்போதே இருந்தது. சந்தனத் தண்ணீர் குங்குமத்தையும் இழுத்துக்கொண்டு அந்த வழியேதான் உள்ளே இறங்கியிருக்கவேண்டும்.

துரைசிங்கத்தின் கண் விரிந்தது. ஆனால் அவர் தலையை ஆட்டினார். "பிள்ளை, நீர் சொல்லுறது சரியாய் இருக்கலாம். துருவாயும் இருக்கலாம். கண்ணாலை பார்த்து நான் சொல்லமாட்டன்."

"கண்ணாலை ஏன் பார்க்கிறியள்," என்றார் அம்பிகை. "தேசிக்காய் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கோவன். குங்குமம் மஞ்சளிலை செய்யிறதுதானே. புளி பட்டால் திரும்பவும் மஞ்சளாப் போகும். துரு போகாது."

சொல்லிவிட்டு நிற்கவில்லை. கொட்டும் மழையில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வாசல் தொட்டியிலிருந்த கஸ்தூரி எலுமிச்சைச் செடியில் இரண்டு காய் பறித்துக்கொண்டு ஓடிவந்தார். பாப்பா கை தட்டினாள். ஒரு தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, சாற்றில் தொட்டு, மீதியை ஒற்றி எடுத்துவிட்டு, துரைசிங்கம் டயலின் விளிம்பில் கறையைத் தொட்டார். நாலு தலைகள் அந்தக் கைக்கு மேல் குவிந்தன. பிச்சைமுத்து போகிறேன் என்று எழுந்ததையே மறந்து, நவமணியின் தோள் வழியே எட்டிப் பார்த்தான்.

செம்பழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. பஞ்சில் ஏறியது. மஞ்சள்.

அம்பிகை நெற்றியில் கை வைத்து முருகா என்றார். துரைசிங்கம் அவசரமாக ஈரத்தைத் துடைத்தார். புளி தகட்டைத் தின்றுவிடும். துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் குரலே மாறியிருந்தது.

"பிச்சைமுத்து, இரும். கணக்குப் பார்ப்பம். இந்தக் குங்குமம் பூச்சுக்கு மேலை கிடக்கு. அப்ப பூச்சு முந்தி, குங்குமம் பிந்தி. உம்மடை வீட்டிலை இதுக்குப் பொட்டு வைச்சதோ?"

"இல்லீங்க ஐயா. கட்டுன மூணு மாசத்துல துண்டுல சுத்துனது. பூசைக்கு எடுக்கவே இல்ல."

"மாமனார் செத்த பிறகு?"

நவமணி பதில் சொன்னாள். "ஆவணியில அப்பா போயிட்டாருங்க. எழவு விழுந்த வீட்டுல அந்த வருசம் பண்டிக ஏது? ஆயுத பூசையும் இல்ல, தீவாளியும் இல்ல. தையில எனக்குக் கல்யாணம்." சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. "அண்ணங் கைக்கு வந்த பெறகு இதுக்குப் பொட்டே வைக்கலீங்க."

அப்படியானால் குங்குமம் ராமையா இருந்தபோது வைத்தது. அதற்கும் முன்னால் பூசியது பூச்சு. பூசியது சீனி அல்ல. அண்ணன் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் உண்மை. அப்பா எப்படி வைத்துவிட்டுப் போனாரோ அப்படியேதான் தந்திருக்கிறான்.

பிச்சைமுத்து மெல்ல உட்கார்ந்தான். "அப்ப எங்க மாமனாரே பூசுனாரா? எதுக்குங்க ஐயா? தொரை குடுத்த சாமானு. கண்ணு மாதிரி வச்சிருந்தாரே."

துரைசிங்கம் மறுபடி குழலை மாட்டிக்கொண்டார். வளையம் அழுத்திய ஓர் இடத்தில் பூச்சு செதில்போலப் பெயர்ந்திருந்தது. ஊசிமுனையால் அந்தச் செதிலை இன்னும் ஒரு துளி தூக்கினார். புதிதாகப் பஞ்சு சுற்றிக் கஸ்தூரிச் சாற்றைத் தொட்டு அதற்குள் வைத்தார். வெளியே எடுத்து வெள்ளைத் துணியில் ஒற்றினார்.

அதுவும் மஞ்சள்.

"பூச்சுக்குக் கீழையும் குங்குமம்," என்றார். "பூசினவன் வடிவாச் சுரண்டாமல் மேலை அடிச்சுவிட்டிருக்கிறான். முதல் இருந்த அசல் முகம் பூசைச் சந்தனத்திலைதான் கெட்டுப் போயிருக்கு. கறை பரவி நம்பரே மறைஞ்சிருக்கும். அந்த மனுசன் டவுனுக்குக் கொண்டுவந்து புதுசாப் பூசுவிச்சிருக்கிறார்."

"எங்கம்மாவுக்குத் தெரியாதுங்க," என்றாள் நவமணி. "தெரிஞ்சிருந்தா மறுபடி வச்சிருக்குமா."

"சொல்லேல்லை," என்றார் அம்பிகை. சிரித்துக்கொண்டேதான் தொடங்கினார், பாதியில் முந்தானை கண்ணுக்குப் போயிற்று. "நீ பழுதாக்கிப்போட்டாய் எண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லை, பாருங்கோ. திருத்தி எடுத்து, அடுத்த வருசமும் பொட்டு வையெண்டு அவவின்ரை கையிலையே குடுத்திருக்கிறார்."

மழை ஓங்கி அடித்தது. மேசை மேல் அந்தச் சின்னத் தகடு விளக்கொளியில் கிடந்தது. நெருப்புக்குள் புகுந்து வாங்கி வந்த பொருளை, கட்டியவள் பக்தியால் கெடுத்தபோது, ஒரு கூலிக்காரர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். கோயிலுக்குப் போய்த்தான் கும்பிடவேண்டும் என்பதில்லை. பிச்சைமுத்து தன் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பூச்சுக்காக நாலு பேர் நடுவில் கூச்சல் போட்ட தன் குரல் அவன் காதில் விழுந்திருக்கவேண்டும். அவன் காது மடல்கள் சிவந்திருந்தன.

துரைசிங்கம் எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, எண்ணெய் விட்டு, சாவி கொடுத்தார். சக்கரம் ஒரு திணறல் திணறிவிட்டு ஓடத் தொடங்கியது. பாப்பாவின் காதில் வைத்துக் காட்டினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிச்சைமுத்து கையை நீட்டினான், நவமணி கட்டிவிட்டாள்.

மழை வெறித்ததும் புறப்பட்டார்கள். முச்சந்தியில் வலதுபக்கம் திரும்பினால் கோட்டர்ஸ். பிச்சைமுத்து திரும்பவில்லை. நேரே, தெற்கே, சிம்பாங் பூலாய்ச் சாலையில் மோட்டார் பறந்தது. வழியில் ஒரு மளிகைக் கடையில் நிறுத்தி, வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம், கற்கண்டு எல்லாம் வாங்கினான். தாம்பாளம் இல்லை. கடைக்காரரிடம் கெஞ்சி, பலகாரம் வைத்திருந்த பூப்போட்ட தட்டை இரவல் வாங்கிக்கொண்டான்.

நனைந்த காற்றில், மலைகள் பக்கத்தில் வந்து விலக, அவளுக்குச் சந்தோஷத்தோடு ஒரு பயமும் சேர்ந்து ஏறியது. அண்ணனோடு அம்மாவும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். ஈப்போவில் ஒருவரிடம் டயலைக் காட்டப் போகிறோம் என்று நவமணி போன வாரமே சொல்லியனுப்பியிருந்தாள். அம்மா கேட்காமல் இருக்கமாட்டாள். பிச்சைமுத்துவோ மனதில் பட்டதை வாசலிலேயே கொட்டுகிறவன். உண்மையைச் சொன்னால் அண்ணன் குற்றம் தீரும். அம்மா தன் கையாலேயே கெடுத்தாள் என்பதும் வெளியே வரும். அப்பா கடைசிவரை மூடிவைத்தது. நவமணி அவன் முதுகில் தட்டி, அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்றாள். காற்று அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகளின் முதுகுவரை மட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன. சீனி அப்போதுதான் குளித்துவிட்டு, கைலியோடு வாசல் பலகையில் உட்கார்ந்திருந்தான். செல்லாயி செம்பனையின் உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு வந்த கோலத்தில், தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல், கால் கழுவிக்கொண்டிருந்தாள். மோட்டார் வந்து நின்றதைப் பார்த்து இரண்டு பேருமே அசையவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் கதவுகள் திறந்தன.

பிச்சைமுத்து தட்டோடு இறங்கி நடந்தான். வாசலில் நின்று, தட்டை இரண்டு கையாலும் நீட்டினான்.

"மச்சான், நாளைக்கி வுட்டு அடுத்த ஞாயித்துக் கெழம கல்லுமலையில பாப்பாவுக்குக் காது குத்து. நீ வரணும். நான் பேசுனது தப்பு. அன்னைக்கி எல்லாரும் இருக்கத்தான் பேசுனேன், இன்னைக்கும் எல்லாரும் இருக்கத்தான் சொல்றேன்."

சீனி தட்டைப் பார்த்தான். வாங்கவில்லை. செல்லாயிதான் ஈரக்காலோடு முன்னால் வந்தாள்.

"இரு மாப்ள. ஈப்போவுல என்னா சொன்னாங்க? அதச் சொல்லு மொதல்ல. டயலு அசலா, பூசுனதா?"

நவமணி மோட்டார் பக்கத்தில் பாப்பாவின் கையைப் பிடித்தபடி நின்றாள். பிச்சைமுத்து மாமியாரைப் பார்த்தான். அவள் கைகளைப் பார்த்தான். பழத்தின் எண்ணெயும் மண்ணும் ஏறிக் கறுத்த கைகள். சொல்லித் தொலைத்துவிடுவானோ என்று நவமணி பயந்தாள்.

"அசல்தான் அத்தே," என்றான். "பூச்சும் இல்ல, கீச்சும் இல்ல. எங் கண்ணுதான் பழுது."

பக்கத்து வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிச்சைமுத்து அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு நின்றான்.

செல்லாயியின் முகம் நிமிர்ந்தது. "எனக்குத் தெரியாதா. அந்தக் கடியாரத்த அவரு ஒருத்தர் கையிலயும் குடுக்க மாட்டாரு மாப்ள. பெத்த புள்ளய கூட தொட வுட மாட்டாரு. எங்கிட்ட மட்டுந்தான் கழட்டிக் குடுப்பாரு."

"ஆமா அத்தே," என்றான் பிச்சைமுத்து. "ஒங்ககிட்ட மட்டுந்தான்."

சீனி எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டான். வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாதவன்போல நின்றான். பிறகு, வெயில்ல ஓடி வந்துருக்கே, தண்ணி குடிக்கிறியா மச்சான் என்றான். மழைச் சேறு தெறித்த காற்சட்டையோடு நிற்பவனிடம் அப்படிக் கேட்டதற்கு, இந்தமுறை வரிசையே சிரித்தது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பாப்பா அம்மாவின் கையை விட்டுவிட்டு வந்து சீனியின் எதிரே நின்றாள். இவர்தான் மாமாவா என்று திரும்பி அம்மாவைக் கேட்டாள். நவமணி தலையை ஆட்டினாள். சீனி வாசல் பலகையில் உட்கார்ந்து, கைலியை இழுத்துவிட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தான். அன்னைக்கி இப்படித்தான் உட்காரணும் என்றான். அவள் உட்கார்ந்து பார்த்தாள். இடம் பிடித்திருந்தது போலிருக்கிறது, முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"மாமா, வலிக்குமா?"

வாய் திறந்தால் சீனி அழுதுவிடுவான். அவன் பிச்சைமுத்துவைப் பார்த்தான்.

பிச்சைமுத்து அவர்கள் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தான். "கொஞ்சம் வலிக்கும்தான் பாப்பா," என்றான். "அப்பறம் சரியாப் போயிரும்."